கேஜிஎஃப்: சுரங்கம் மூடி கால் நூற்றாண்டு... ஊருக்குள் ‘நல்ல வேலை’ ஏன் வரவில்லை?

கேஜிஎஃப் என்றதும் உங்களுக்கு யஷ் ஞாபகம் வந்தால் அதில் தப்பில்லை. 2018-லும் 2022-லும் வந்த இரண்டு படங்கள் அந்தப் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. ஆனால், நிஜ கேஜிஎஃப்-ல் தினமும் ஹவுஸ்ஃபுல் ஆவது ரயில்தான்.

மாரிக்குப்பத்தில் கிளம்பும் அந்த ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கப் பகுதிகளின் பெயரைத் தாங்கிய சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூரு போகிறது. தூரம் சுமார் 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், துணிக்கடை, ஆஸ்பத்திரி, கால் சென்டர், ஐ.டி. என்று எல்லா வேலைக்கும் போகிறவர்கள் அதே பெட்டிகளில்தான் ஏறுகிறார்கள்.

ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் வேலை தேடி வந்த ஊர் இது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 1.6 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அவர்களில் பெரும் கூட்டம் இன்று வேலைக்காக வெளியே போகிறது.

நிலம் இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே பெங்களூரு இருக்கிறது. பிறகு எங்கே சிக்கல்? மறுபடியும் தங்கம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், கதைச் சுருக்கம்

1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் இருந்த இந்தப் பகுதியில் பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. பாறைக்குள் இறங்க ஆள் வேண்டும். அப்படி வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். குறிப்பாக, வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த பட்டியல் சமூகத்தினர். சொந்த ஊரில் நிலம் கிடையாது, பண்ணை வேலையில் சாதிக் கொடுமை. அந்த நிலையில், கையில் காசாகக் கூலி கிடைக்கும் என்பதே அவர்களுக்குப் பெரிய விடுதலையாகத் தெரிந்தது. இன்றைக்கும் கோலார் தங்கவயலின் தெருக்களில் தமிழ் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே 1905-ல்தான். அதாவது, இன்று கேஜிஎஃப்-க்குச் சோறு போடும் பெங்களூரைவிட கேஜிஎஃப்-க்குத்தான் முதலில் கரன்ட் வந்தது!

உச்ச காலத்தில் 30 ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. 120 வருஷத்தில் வெளியே வந்த தங்கம் சுமார் 800 டன்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை அரசுடைமை ஆக்கியது. 1962-ல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட், சுருக்கமாக பி.ஜி.எம்.எல்., உருவானது. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. பாறையில் இருந்த தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. நஷ்டம் தாங்காமல் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது வேலையில் இருந்தவர்கள் சுமார் 3,500 பேர்.

30 ஆயிரத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை, மூடும் நாளில் 3,500. ஆக, இந்த ஊர் ஒரே நாளில் வேலை இழக்கவில்லை. பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே இருந்தது. மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தைத்தான் யாரும் பயன்படுத்தவில்லை.

சுரங்க வேலை ‘நல்ல வேலை’யா?

பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது, எல்லாமே பொற்காலம் என்று சொல்லிவிடத் தோன்றும். உண்மை அப்படி இல்லை.

பூமிக்கு அடியில் கொளுத்தும் வெப்பம். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள். நுரையீரலில் பாறைத்தூள் படிந்து வரும் சிலிகோசிஸ். வெள்ளைக்காரர்களுக்குப் பங்களாவும் கிளப்பும். தொழிலாளர்களுக்கு ஒற்றை அறை வீடுகள். ‘லிட்டில் இங்கிலாந்து’ என்ற செல்லப் பெயர் இந்த ஊரின் ஒரு பாதிக்கு மட்டும்தான் பொருந்தியது.

அந்த வேலை ஓரளவு ‘நல்ல வேலை’யாக மாறியதற்குக் காரணம் தங்கம் அல்ல, தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்கள். 1930-லேயே, கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கிய நிர்வாகத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு சங்கங்கள் வலுவாகின. அரசுடைமை ஆனபோது நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பி.எஃப். என்று ஒரு முழு ஏற்பாடே வேலையோடு சேர்ந்து கிடைத்தது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 1999-ல் ‘கண்ணியமான வேலை’ என்ற கருத்தை முன்வைத்தது. சிம்பிளாகச் சொன்னால், அதில் வருவது இவ்வளவுதான்: குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம், உயிருக்குப் பாதுகாப்பு, நோய்க்கும் முதுமைக்கும் ஒரு காப்பு, தட்டிக் கேட்கும் உரிமை, ஆண் பெண் பாகுபாடு இல்லாத வாய்ப்பு.

இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால், சுரங்கம் பாதுகாப்பில் ஃபெயில். சம்பளம், காப்பு, தட்டிக் கேட்கும் உரிமை ஆகியவற்றில் கடைசிக் காலத்தில் பாஸ். மூடியபோது ஊர் இழந்தது சம்பளத்தை மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியும் பள்ளியும் சேர்ந்த அந்த மொத்த ஏற்பாட்டையும்தான்.

மறுபடியும் தங்கம் எடுத்தால் வேலை வருமா?

ஒவ்வொரு தேர்தலிலும் திரும்பத் திரும்ப வரும் வாக்குறுதி இது. இதில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பூமிக்கு அடியில் இருக்கும் தங்கம். சுரங்கம் மூடி பம்புகள் நின்றதும் உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது. 2013-ல் சர்வதேச டெண்டர் விட உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அதற்குப் பிறகும் சுரங்கம் திறக்கவில்லை. தண்ணீரை இறைத்து, பழைய சுரங்கப் பாதைகளைச் சரிசெய்து, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போவது என்பது தங்கத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் சாதாரணக் காரியம் இல்லை.

இரண்டு, பூமிக்கு மேலே இருக்கும் தங்கம். கேஜிஎஃப்-க்குப் போனவர்கள் அந்த வெளிர் நிறக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். சினிமா ஷூட்டிங்குக்கு அழகாக இருக்கும் அவை இயற்கையான குன்றுகள் இல்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. உள்ளூரில் ‘சயனைடு மலை’ என்பார்கள். மொத்தம் சுமார் 3.3 கோடி டன். அதில் இன்னும் கொஞ்சம் தங்கம் மிச்சம் இருக்கிறது. ஆனால் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான். 2024 ஜூனில், சுமார் 1,003 ஏக்கரில் உள்ள 13 கழிவுக் குன்றுகளில் இருந்து கனிமம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

நல்ல செய்திதானே? ஆமாம், ஒரு அளவுக்கு.

இந்த வேலையில் யாரும் சுரங்கத்துக்குள் இறங்கப் போவதில்லை. எக்ஸ்கவேட்டர் மண்ணை அள்ளும், தண்ணீர் கலந்து குழாயில் போகும், தொட்டிகளில் ரசாயனம் தங்கத்தைப் பிரிக்கும். பெரும்பகுதி இயந்திர வேலை. ஓட்டுநர், ஆபரேட்டர், லேப் டெக்னீஷியன், மெயின்டனன்ஸ் என்று ஒரு சின்ன எண்ணிக்கைதான் தேவைப்படும். குன்றுகள் தீர்ந்ததும் அந்த வேலையும் தீர்ந்துவிடும்.

அதனால் இதை ‘தங்கம் திரும்பி வருகிறது’ என்று பார்ப்பதைவிட, ‘ஊரைச் சுத்தம் செய்யக் காசு கிடைக்கிறது’ என்று பார்ப்பதுதான் சரி. காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் வந்து படியும் அந்தத் தூசி நின்றாலே ஊருக்கு லாபம். இதை வைத்து ஆயிரக்கணக்கில் வேலை என்று யாராவது கணக்குச் சொன்னால், எந்த வேலை, எத்தனை வருஷத்துக்கு என்று கேட்பது நல்லது.

பெங்களூருதான் பக்கத்தில் இருக்கிறதே... ரயிலில் போனால் என்ன?

நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்து வேலை இடத்துக்கு ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர ஐந்து மணி நேரம். மாதம் 25 நாள் என்றால் 125 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் பார்த்தால், மாதத்துக்கு 15 ஷிஃப்டுக்கு மேல் சம்பளமே இல்லாமல் ரயிலில் போகிறது.

ஐ.டி. வேலையில் இருப்பவர் பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கிவிடுவார். பிரச்சினை குறைந்த சம்பளக்காரர்களுக்குத்தான். ரூம் வாடகை கொடுத்தால் சம்பளத்தில் மிச்சம் இருக்காது. அதனால் தினமும் ரயில். பாஸ் விலை கம்மி என்பதால் இது ஓடுகிறது.

இதில் கண்ணுக்குத் தெரியாத இழப்புகள் இன்னும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் இருக்கும் பெண்கள் இந்த நேரக் கணக்குக்குள் வரவே முடியாது. அவர்கள் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் ஊருக்குள் கிடைக்கும் மிகக் குறைந்த கூலிக்குப் போகிறார்கள். சாயந்திரம் கோர்ஸ் படித்து அடுத்த வேலைக்கு மாறலாம் என்றால் அதற்கும் நேரம் இல்லை. சம்பாதிப்பவர்கள் பகல் முழுக்க வெளியூரில் இருந்தால் டீ, சாப்பாடு, கடை என்று காசும் அங்கேயே செலவாகிறது. ஊர்க் கடைத்தெரு அடிவாங்குகிறது.

உள்ளூரில் வேலை வேண்டும் என்று கேட்பதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணம் இல்லை, இந்தக் கணக்கும் சேர்ந்துதான்.

நரசாபுரா சொல்லும் பாடம்: வேலை வந்தது, பிறகு?

கேஜிஎஃப் இருக்கும் அதே கோலார் மாவட்டத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது நரசாபுரா தொழிற்பேட்டை. ஹோண்டா இருசக்கர வாகன ஆலை அங்கே இருக்கிறது. ஐபோன் அசெம்பிள் செய்ய தைவானின் விஸ்ட்ரான் நிறுவனமும் அங்கேதான் வந்தது. கோலார் மாவட்டத்துக்கு வேலை வரவே வராது என்று சொன்னவர்களுக்கு அது பதிலாக இருந்தது.

2020 டிசம்பர் 12 காலையில், அந்த ஆலையின் கண்ணாடிகள் நொறுங்கிக் கிடந்த வீடியோக்கள் நாடு முழுக்கப் பரவின. சம்பளம் ஒழுங்காக வரவில்லை, பிடித்தம் அதிகம், 12 மணி நேர ஷிஃப்ட் என்று தொழிலாளர்கள் குற்றம் சாட்டினார்கள். அங்கே இருந்த சுமார் 10 ஆயிரம் பேரில் பெரும்பகுதியினர் ஏஜென்சிகள் மூலம் வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். மாநிலத் தொழிற்சாலைகள் துறையின் ஆய்வில் தொழிலாளர் சட்ட மீறல்கள் தெரியவந்தன. சிலருக்குச் சம்பளம் சரியாகப் போகவில்லை என்று ஒப்புக்கொண்டு விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டது. ஆப்பிள் அந்த நிறுவனத்துக்குப் புது ஆர்டரை நிறுத்திவைத்தது. 2023-ல் ஆலை டாடா குழுமத்தின் கைக்கு மாறியது.

வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், கவனிக்க வேண்டியது இதுதான்: உலகின் மிக விலை உயர்ந்த போன்களில் ஒன்றைத் தயாரிக்கும் ஆலை உள்ளூரில் வந்தும்கூட, மாதக் கடைசியில் சம்பளம் சரியாக வருமா என்ற கேள்வி தீரவில்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒருவர், சம்பளம் போடுவது இன்னொருவர், வேலை வாங்குவது மூன்றாவது ஆள். பிரச்சினை வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பிரஸ் மீட்டில் சொல்லப்படும் ‘இத்தனை ஆயிரம் வேலைவாய்ப்பு’ என்ற எண்ணிக்கையில் இந்த விவரம் எதுவும் இருக்காது.

ஒரே கம்பெனி, இரண்டு ஊர்: போகும், ஸ்ரீபெரும்புதூரும்

சரி, பழைய சுரங்க ஊர்கள் எழுந்து நின்ற உதாரணம் எங்கேயாவது இருக்கிறதா? ஜெர்மனியின் ரூர் பகுதியைப் பார்க்கலாம். நிலக்கரி, இரும்பு என்று நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பகுதி அது. அங்கே இருக்கும் போகும் நகரத்தின் கதை நமக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கிறது. ஏனென்றால், அதில் நோக்கியா வருகிறது.

போகும் நகரில் நோக்கியா ஆலைக்கு அரசு மானியம் கொடுத்தது. 2008-ல் அந்த ஆலையை மூடிவிட்டு உற்பத்தியைச் செலவு குறைவான ருமேனியாவுக்குக் கொண்டுபோனது நோக்கியா. 2,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். மாநில அரசு சும்மா இருக்கவில்லை. கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டது. கடைசியில் ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்காக நோக்கியா 2 கோடி யூரோ கொடுத்தது.

அதே நோக்கியா 2006-ல் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. நேரடியாக மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர், அதில் நிறைய இளம் பெண்கள். வரிப் பிரச்சினை, கைமாறிய வியாபாரம் என்று சிக்கலாகி 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. இருபதுகளின் நடுவில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு, ஒரே ஒரு அசெம்பிளி லைனில் செய்த வேலைதான் அனுபவம். ஆலை பூட்டிக் கிடந்து, பிறகு சால்காம்ப் நிறுவனம் வாங்கிய பிறகுதான் அங்கே மறுபடியும் உற்பத்தி நடந்தது.

போகும் நகரத்துக்கு அடி அதோடு நிற்கவில்லை. 2014 டிசம்பரில் ஓப்பல் கார் ஆலையும் மூடப்பட்டது. அந்த ஆலையே ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் கட்டியதுதான். ஆனால், இந்த முறை மூடுவதற்கு முன்பே நகர நிர்வாகமும் ஓப்பலும் சேர்ந்து அந்த நிலத்துக்காக ஒரு தனி நிறுவனத்தை உருவாக்கின. நிலத்தைச் சுத்தம் செய்து, துண்டு துண்டாகப் பிரித்து, யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இன்று அங்கே டி.எச்.எல். பார்சல் மையம் இருக்கிறது. கூடவே பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள், பாஷ் குழுமத்தின் மென்பொருள் நிறுவனம் என்று பல வகை இடங்கள்.

பல்கலைக்கழகம் எப்படி அங்கே வந்தது? நிலக்கரிச் சுரங்கங்கள் மூடத் தொடங்கிய காலத்திலேயே, 1965-ல், ரூர் பல்கலைக்கழகத்தை அங்கே திறந்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை ஊரைவிட்டுப் போகாமல் பட்டம் வாங்க முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, கார் ஆலை போனபோது அந்தப் பல்கலைக்கழகம்தான் கைகொடுத்தது.

ரூர் பகுதி சொர்க்கம் ஆகிவிடவில்லை. அங்கே வேலையின்மை இன்னும் ஜெர்மனியின் சராசரியைவிட அதிகம்தான். ஆனால், ஒரு கம்பெனி போனால் ஊரே படுத்துவிடும் என்ற நிலையிலிருந்து கொஞ்சம் வெளியே வந்திருக்கிறார்கள்.

கேஜிஎஃப்-ல் எங்கே பூட்டு விழுந்திருக்கிறது?

போகும் நகரத்தையும் கேஜிஎஃப்-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு பூட்டுகள் தெரிகின்றன.

1. நிலம் யாருடையது? பி.ஜி.எம்.எல். வசம் சுமார் 12 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. கம்பெனி மத்திய அரசுடையது, ஊர் மாநில அரசுக்குள் இருக்கிறது. பயன்படாமல் கிடக்கும் நிலத்தில் சுமார் 3,200 ஏக்கரைத் தொழிற்பூங்காவுக்குப் பெறுவது பற்றிக் கர்நாடக அரசு சில வருஷங்களாகப் பேசுகிறது. பத்திரம் யார் பெயரில் என்று தெளிவாகாத இடத்தில் எந்தக் கம்பெனியும் முதலீடு செய்யாது. போகும் நகரத்தில் ஆலை மூடும் முன்பே தொடங்கிய வேலை, இங்கே கால் நூற்றாண்டு கழித்தும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

2. நிலம் கட்டத் தகுதியானதா? மேலே ரசாயனக் கழிவு. கீழே 120 வருஷமாகக் குடைந்த பாறை, அதில் நிறைந்த தண்ணீர். எந்த இடத்தில் கனரக ஆலை கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று சொல்லும் வரைபடம் முதலில் வேண்டும். இதற்கு நிபுணர்களை வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேண்டியதில்லை. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் கேஜிஎஃப்-ல்தான் தொடங்கப்பட்டது! சுரங்கத்தில் பாறை வெடிப்பதை ஆராய்ந்து வளர்ந்த அறிவு அது. அதன் தலைமையகம் இப்போது பெங்களூரில். ஊரில் பிறந்த நல்ல வேலைகள்கூட ஊரைவிட்டுப் போனதற்கு இதுவே ஒரு உதாரணம்.

3. திறமைக்கு ஏற்ற வேலையா? 1964-ல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலை இங்கே இன்றும் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் போன்ற கனரக இயந்திரங்களைத் தயாரிக்கிறது. வெல்டிங், மெஷினிங், ஹைட்ராலிக்ஸ் தெரிந்தவர்கள் தலைமுறையாக ஊரில் இருக்கிறார்கள். பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதைவிட, ஏற்கெனவே இருக்கும் இந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்ன பட்டறைகளை ஊருக்குள் வளர்ப்பது நடைமுறைக்குப் பக்கத்தில் இருக்கும் வழி. கோவையில் மோட்டார் பம்ப்செட் தொழில் வளர்ந்ததும் பட்டறைகளால்தான். நூறு பட்டறைகளில் வேலை பரவியிருந்தால் ஒரு முதலாளி கிளம்பினாலும் ஊர் தாங்கும்.

4. சலுகைக்கு நிபந்தனை இருக்கிறதா? நிலம், வரி, மின்சாரம் என்று அரசு சலுகை கொடுக்கும்போது பதிலுக்கு என்ன கேட்கிறது? பெரும்பாலும் முதலீட்டுத் தொகையும் வேலை எண்ணிக்கையும்தான். அந்த வேலையில் எத்தனை சதவீதம் நிரந்தரம், குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, பாதியில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதலாம். எழுதியிருந்தால்தான் பிறகு கேட்க முடியும்.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. இது நல்ல மாற்றம். அதே சமயம், கான்ட்ராக்ட் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்திருக்கிறது. சின்ன ஏஜென்சிகள் மூலம் ஆளெடுத்தால் அந்த விதிகள் பொருந்தாது. சட்டம் விட்ட இடத்தை மாநில அரசின் ஒப்பந்த நிபந்தனைதான் அடைக்க வேண்டும்.

‘உள்ளூர்’ என்றால் யார்?

இதுவும் கேஜிஎஃப்-ல் சென்சிட்டிவான கேள்வி. 2024 ஜூலையில் கர்நாடக அரசு, தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு இட ஒதுக்கீடு தரும் மசோதாவைக் கொண்டுவந்தது. நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம். தொழில்துறை எதிர்ப்பு தெரிவித்ததும் சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மசோதாவில் ‘உள்ளூர்க்காரர்’ என்பதற்குக் கர்நாடகத்தில் பிறந்து 15 வருஷம் வசித்திருப்பதோடு, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

நான்கைந்து தலைமுறையாக இதே மண்ணில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இளம் தலைமுறை கன்னடத்தில் படித்துவிட்டது. தமிழ் மீடியத்தில் படித்த மூத்தவர்களில் பலருக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. இதே மாதிரி சட்டம் நாளைக்குத் திரும்ப வந்தால், சுரங்கம் மூடியதால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களே வெளியே நிற்க வேண்டிவரும். இங்கே ‘உள்ளூர்’ என்பதற்கு மொழிச் சான்றிதழைவிட ரேஷன் கார்டில் இருக்கும் முகவரிதான் பொருத்தமான அளவுகோல்.

இப்போது என்ன மாறுகிறது?

பெங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ்வே. ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 260 கிலோமீட்டர் போகும் இந்தச் சாலை, கேஜிஎஃப் பக்கமாகத்தான் செல்கிறது. ஹொசகோட்டேயிலிருந்து கேஜிஎஃப் அருகில் வரையிலான கர்நாடகப் பகுதியில் ஏற்கெனவே வண்டிகள் ஓடுகின்றன. முழுச் சாலையும் முடிந்தால், ஒரு பக்கம் பெங்களூரு, இன்னொரு பக்கம் சென்னைத் துறைமுகம் என்று நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர் ஆகிவிடும் கேஜிஎஃப்.

சாலை வந்தால் முதலில் ஓடிவருவது கிடங்குகள்தான். பெரிய நிலத்தை எடுத்துக்கொண்டு, குறைந்த ஆட்களை, அதுவும் பெரும்பாலும் கான்ட்ராக்டில் வைத்துக்கொள்ளும் தொழில் அது. கிடங்கே வேண்டாம் என்று இல்லை, போகும் நகரத்திலும் ஒன்று இருக்கிறது. ஆனால், இருக்கும் நல்ல நிலத்தை எல்லாம் கிடங்குக்கே கொடுத்துவிட்டால், பட்டறைக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் இடம் இருக்காது. எக்ஸ்பிரஸ்வே முழுதாகத் திறப்பதற்கு முன்னால் நிலப் பங்கீட்டை முடிவு செய்ய வேண்டியதன் அவசரம் இதுதான்.

அடுத்த முறை ‘5,000 பேருக்கு வேலை’ என்று செய்தி வந்தால்...

கேஜிஎஃப் மட்டும் இல்லை, உங்கள் ஊருக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்:

- சம்பளம் போடுவது கம்பெனியா, ஏஜென்சியா?
- எத்தனை வேலை நிரந்தரம்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?
- மூன்று வருஷம் வேலை பார்த்தால் வேறு இடத்தில் காட்டக்கூடிய திறமை ஏதாவது கையில் இருக்குமா?
- கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகும் ஒரு பெண் அந்த வேலையில் தொடர முடியுமா?
- கம்பெனி கிளம்பினால் கொடுத்த சலுகையில் எவ்வளவு திரும்ப வரும்?

ஐந்துக்கும் பதில் தெரியாமல் வேலை எண்ணிக்கையை மட்டும் கொண்டாடினால், நரசாபுராவில் 2020-ல் நடந்தது வேறு ஊரிலும் நடக்கும்.

கேஜிஎஃப்-ஐப் பொறுத்தவரை அடுத்து கவனிக்க வேண்டியது மூன்று விஷயங்கள். பி.ஜி.எம்.எல். நிலம் மாநிலத்தின் பெயருக்கு மாறுகிறதா, கழிவுக் குன்றுகளுக்கான ஒப்பந்தத்தில் நிலத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தரும் பொறுப்பு யாருக்கு என்று எழுதப்படுகிறதா, எக்ஸ்பிரஸ்வே பக்கத்து நிலம் யாருக்குப் போகிறது. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் சுரங்கம் திறக்கும் என்ற பேச்சும் ஏறும். ஊரின் அடுத்த தலைமுறைக்கு வேலை எங்கே கிடைக்கும் என்பதை முடிவு செய்யப்போவது இந்த மூன்று கோப்புகள்தான்.